கிறிஸ்டீன் ஜோர்கென்சன்: கேமராவுக்குப் பின்னால் நிற்க ஆசைப்பட்டவர்

கேள்வி இதுதான்: "கிறிஸ்டீன் ஜோர்கென்சன் என்பவர்தான் உலகத்திலேயே முதலில் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் என்று படித்தேன். அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், பிறகு நைட் கிளப்பில் பாடினார் என்றும் போட்டிருந்தது. இதெல்லாம் உண்மையா? அவ்வளவு பெயர் வாங்கியவர் ஏன் அந்தத் தொழிலுக்குப் போனார்?"

ராணுவம் உண்மை, நைட் கிளப்பும் உண்மை. 'முதலில்' என்பது மட்டும் உண்மையில்லை. ஆனால் விஷயம் முழுக்க உங்கள் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. மருத்துவ வரலாற்றில் இடம் பிடித்தவர் போய் ஜிகினா உடையில் மேடையேறுவதா என்ற லேசான ஏமாற்றம் அதில் தெரிகிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அவருடைய சுயசரிதையைப் படித்த பிறகு அந்த ஏமாற்றம் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 'முதல்' பட்டத்தைக் கழற்றி வைத்துவிடலாம். கிறிஸ்டீனுக்கு இருபது வருடம் முன்பே ஜெர்மனியில் இந்தச் சிகிச்சைகள் நடந்திருக்கின்றன. பெர்லினில் பாலியல் ஆய்வாளர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனத்தோடு தொடர்புடைய டோரா ரிக்டர் 1931இல் சிகிச்சையை முழுதாக முடித்துக்கொண்டார். டென்மார்க் ஓவியர் லிலி எல்பே 1930, 31இல் அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டு, கடைசிச் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். இங்கிலாந்தில் முன்னாள் போர் விமானி ரோபெர்ட்டா கவல் 1951இல். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்தவர்களைச் சேர்த்தால் இன்னும் பின்னால் போகலாம். அமெரிக்காவிலேயே ஆலன் ஹார்ட் என்ற மருத்துவர் 1917இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஆணாகவே வாழ்ந்து, காசநோயை எக்ஸ்ரேயில் கண்டுபிடிக்கும் துறையில் பெயர் வாங்கினார்.

அப்படியென்றால் கிறிஸ்டீன் எதில் முதல்? உலகமே தெரிந்துகொண்ட முதல் ஆள் அவர். மற்றவர்களில் பலர் யாருக்கும் தெரியாமல் வாழ முயன்றார்கள். கிறிஸ்டீனும் அப்படி வாழத்தான் நினைத்தார். அது நடக்கவில்லை.

1926 மே 30 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். டேனிஷ் வம்சாவளிக் குடும்பம். அப்பா தச்சர், வீடு கட்டும் ஒப்பந்தக்காரர். அப்பாவின் பெயரையே இவருக்கும் வைத்து ஜார்ஜ் என்று அழைத்தார்கள். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, சண்டை என்றால் ஓடிவிடும். சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பிடித்தது கேமரா. ஆர்.கே.ஓ. பாத்தே செய்திப்படக் கம்பெனியின் பிலிம் நூலகத்தில் வேலை பார்த்தார். 1945இல் 19 வயதில் ராணுவத்துக்கு அழைப்பு வந்தது.

ராணுவம் என்றதும் துப்பாக்கியோடு கற்பனை செய்ய வேண்டாம். அதற்குள் போர் முடிந்துவிட்டது. நியூஜெர்சியில் ஃபோர்ட் டிக்ஸ் முகாமில் மேஜைக்குப் பின்னால் குமாஸ்தா வேலை. ஊர் திரும்பும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் விடுவிப்புக் காகிதங்களைத் தயார் செய்யவேண்டும், அவ்வளவுதான். 1946 கடைசியில் அவரும் வெளியே வந்தார். இந்தப் பதினாலு மாத எழுத்தர் வேலையைத்தான் பிற்பாடு பத்திரிகைகள் 'முன்னாள் போர்வீரன்' என்று ஊதிப் பெருக்கின. 'பிராங்ஸ் குமாஸ்தா பெண்ணானார்' என்று போட்டால் பத்திரிகை விற்குமா?

ராணுவத்துக்குப் பிறகு ஹாலிவுட் போய் ஒளிப்பதிவில் நுழையப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. கனெக்டிகட்டில் புகைப்படப் பள்ளியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில்தான் பால் டி க்ரைஃப் எழுதிய, ஆண் ஹார்மோனைப் பற்றிய ஒரு நூல் அவர் கையில் கிடைத்தது. ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் ரசாயனப் பொருள்களுக்கு இடையே வித்தியாசம் சில அணுக்கள்தான் என்று அதில் படித்ததும் அவருக்குப் பொறி தட்டியது. தன் பிரச்சினை மனசில் இல்லை, சுரப்பியில் இருக்கலாம் என்ற நம்பிக்கை அங்கே தொடங்கியது.

அடுத்து அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவ உதவியாளர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் போய்ச் சேர்ந்தார். படிப்பு ஒரு காரணம், மருந்துகளின் பக்கம் நெருங்குவது இன்னொரு காரணம். ஒரு நாள் தன்னை யாருக்கும் தெரியாத பகுதியில் இருந்த மருந்துக்கடைக்குள் நுழைந்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை கேட்டார். சீட்டு எங்கே என்றார் கடைக்காரர். நான் மருத்துவப் பள்ளி மாணவன், விலங்குகளில் ஹார்மோன் பரிசோதனை செய்கிறோம் என்று ஒரு கதையை எடுத்துவிட்டார். கடைக்காரர் நம்பிக் கொடுத்துவிட்டார். பரிசோதனை நடந்தது உண்மைதான், விலங்கு மட்டும் இல்லை. வகுப்புத் தோழி ஒருவரின் கணவர் ஜோசப் ஏஞ்சலோ டாக்டர். மாத்திரை விழுங்கும் இந்த இளைஞரைத் திட்டி அனுப்பாமல் கண்காணித்துக்கொண்டது அவர்தான்.

அமெரிக்காவில் அதற்கு மேல் போக வழியில்லை. ஆரோக்கியமான உறுப்பை அகற்றினால் 'அங்கஹீனம் செய்த குற்றம்' என்று வழக்கு வருமோ என்று டாக்டர்களுக்குப் பயம். அந்தச் சட்டத்தின் வேர் பழைய இங்கிலாந்தில் இருக்கிறது. அரசனுக்காகச் சண்டை போட வேண்டிய குடிமகன் தன் உடம்பைச் சிதைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். இருபதாம் நூற்றாண்டின் ஆஸ்பத்திரியிலும் அது போய் நின்றது. பல ஊர்களில் எதிர்பாலினத்தாரின் உடை உடுத்தி வெளியே போனாலே கைது செய்யலாம்.

1950 மே மாதம் கப்பல் ஏறினார். ஸ்வீடனில் ஏதாவது வழி கிடைக்கும் என்பது திட்டம். வழியில் உறவினர்களைப் பார்க்க கோபன்ஹேகனில் இறங்கியவருக்கு, அங்கேயே கிறிஸ்டியன் ஹாம்பர்கர் என்ற ஹார்மோன் நிபுணரைப் பற்றித் தெரியவந்தது. ஹாம்பர்கர் இலவசமாகச் சிகிச்சை தர ஒப்புக்கொண்டார். பதிலுக்கு ஆராய்ச்சிக்கு உடன்பட வேண்டும். நடைமுறையில் அதன் அர்த்தம், தினமும் போகும் சிறுநீர் மொத்தத்தையும் பிடித்து ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஊசி போட்டதும் ஹார்மோன் அளவு எப்படி ஏறுகிறது, இறங்குகிறது என்று பார்ப்பதற்காக. அழகிய நகரம், ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் சிறுநீர்ப் பாட்டில் போட்ட பை. பின்னாளில் தலைப்புச் செய்திகளில் மின்னிய அந்தப் 'பொன்னிற அழகி' உருவானது இப்படித்தான்.

டென்மார்க்கில் மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்கலாம். 1935இல் அங்கே ஒரு சட்டம் வந்திருந்தது. ஒருவரின் பாலுணர்வு அவரைக் குற்றத்துக்குத் தள்ளும் என்றாலோ, பெரிய மன வேதனை தருகிறது என்றாலோ அவர் விண்ணப்பித்து விதைநீக்கம் செய்துகொள்ளலாம். சட்டம் போட்டவர்கள் மனதில் இருந்தது பாலியல் குற்றவாளிகள். அதில் இருந்த 'மன வேதனை' என்ற ஒரு சொல்தான் கிறிஸ்டீனுக்குக் கதவாகியது. வெளிநாட்டவருக்கு அது பொருந்துமா என்ற சிக்கல் வந்தபோது நீதி அமைச்சர் ஹெல்கா பெடர்சன் அனுமதி கொடுத்தார். 1951 செப்டம்பரில் முதல் அறுவைச் சிகிச்சை, 1952 நவம்பரில் இரண்டாவது. புதிய பெயர் தேர்ந்தெடுக்கும்போது டாக்டர் கிறிஸ்டியனின் பெயரைப் பெண்பாலாக்கிக் 'கிறிஸ்டீன்' என்று வைத்துக்கொண்டார். கோபன்ஹேகனில் அப்போது அமெரிக்கத் தூதராக இருந்தவர் யூஜினி ஆண்டர்சன், அமெரிக்காவின் முதல் பெண் தூதர். அவருடைய உதவியால் பாஸ்போர்ட்டும் கிறிஸ்டீன் பெயருக்கு மாறியது. இந்தப் பாஸ்போர்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

பெற்றோருக்கு அதுவரை எதுவும் தெரியாது. 1952 ஜூனில் ஒரு கடிதம் எழுதினார். இயற்கை ஒரு தவறு செய்திருந்தது, அதைத் திருத்திக்கொண்டேன், இப்போது நான் உங்கள் மகள் என்பது அதன் சாரம். பிராங்ஸில் தச்சு வேலை பார்க்கும் ஒரு குடும்பம் 1952இல் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறீர்கள்? எப்போதையும்விட அதிகமாக உன்னை நேசிக்கிறோம் என்று தந்தி அடித்தார்கள். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்ததில் பாதி அந்தத் தந்தியின் தயவு என்பேன். எத்தனை பத்திரிகைகள் எதிராகத் திரும்பினாலும் அந்த வீடு அவருக்கு இருந்தது.

ஆனால் அந்தக் கடிதமே பத்திரிகைக்காரர்கள் கைக்கும் போய்விட்டது. 1952 டிசம்பர் 1. இரண்டாவது அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து நாள்தான், கிறிஸ்டீன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். ஓர் இளம் பெண் நிருபர் உள்ளே வந்து தந்திச் செய்தி ஒன்றை நீட்டினார். பிராங்ஸ் சிப்பாய் பெண்ணானார், அன்புள்ள அம்மா அப்பா என்று மகன் எழுதினார் என்று தொடங்கியது அது. அம்மா அப்பாவுக்கு மட்டும் எழுதிய வரிகளைக் கட்டிலில் படுத்தபடி செய்தியாகப் படிக்கிறார். அதே நாள் நியூயார்க் டெய்லி நியூஸ் முதல் பக்கத்தில் 'முன்னாள் சிப்பாய் பொன்னிற அழகியானார்' என்று போட்டிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பசிபிக் கடலில் எனிவெடாக் தீவுகளில் அமெரிக்கா முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்திருந்தது, கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் தள்ளிவிட்டு முதல் பக்கத்தில் இவர்.

அதே குண்டு வெடித்த காலம் என்பதால்தான் இந்தச் செய்தி இவ்வளவு பிடித்துக்கொண்டது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வார்கள். விஞ்ஞானத்தால் எதுவும் முடியும் என்ற பிரமிப்பும் பயமும் அப்போது நாடு முழுக்க. அணுவைப் பிளந்தாயிற்று, ஆணைப் பெண்ணாக்கியாயிற்று. எனக்கு இது ஓரளவு சரியாகப் படுகிறது. ஆனால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கிறிஸ்டீன் வெள்ளைக்காரர், பொன்னிறக் கூந்தல், அளந்து பேசும் நடுத்தர வர்க்கத்துப் பெண்மணியின் தோரணை. ஒரு கறுப்பின அமெரிக்கர் இதே சிகிச்சையைச் செய்துகொண்டிருந்தால் 'அழகி' என்ற தலைப்பு வந்திருக்குமா? டெலிசா நியூட்டன் என்ற கறுப்பினத் திருநங்கை 1966இல் செபியா என்ற இதழில் தன் கதையை எழுதினார். இன்று எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

ஹெர்ஸ்ட் குழுமத்தின் ஞாயிறு இதழான அமெரிக்கன் வீக்லி, கதையைத் தனியாக வெளியிடும் உரிமைக்கு 20,000 டாலர் கொடுத்தது. 1953 பிப்ரவரியில் நியூயார்க் ஐடில்வைல்ட் விமான நிலையத்தில் அவர் வந்து இறங்கினார். இன்றைய கென்னடி விமான நிலையம்தான் அது. அந்தச் செய்திப்படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. உரோம மேலங்கி, தொப்பி, கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ்கள், நூற்றுக்கணக்கில் ரிப்போர்ட்டர்கள். நாடு திரும்பியது மகிழ்ச்சி, எந்த அமெரிக்கப் பெண்ணுக்குத்தான் இருக்காது என்று கட்டைக் குரலில் சொல்கிறார். அந்த வாக்கியத்தில் 'பெண்' என்ற சொல்லை எவ்வளவு சாதாரணமாக நுழைக்கிறார் பாருங்கள். பயந்துபோன 26 வயதுக்காரரின் பேச்சு மாதிரியே இல்லை. மறுநாள் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் அவர் சிகரெட் பிடித்த விதம், நடந்த விதம், காலில் போட்டிருந்த செருப்பு.

தமிழில் எழுதும்போது நமக்கு ஒரு வசதி, 'அவர்' என்று போட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது இல்லை. ஆரம்பத்தில் 'அவள்' என்று கொஞ்சியவர்கள் இரண்டே மாதத்தில் தடுமாற ஆரம்பித்தார்கள். 1953 ஏப்ரலில் நியூயார்க் போஸ்ட் ஆறு பகுதித் தொடர் ஒன்றை வெளியிட்டது. கர்ப்பப்பையும் சூலகமும் இல்லை, இவர் பெண்ணே இல்லை, உறுப்பு நீக்கப்பட்ட ஆண்தான் என்பது அதன் கண்டுபிடிப்பு. டைம் இதழும் சேர்ந்துகொண்டது. மே 30ஆம் தேதி ஹாம்பர்கரும் கூட்டாளிகளும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். கிறிஸ்டீனின் 27ஆவது பிறந்தநாள் அது, யாரும் வேண்டுமென்று செய்ததாக இருக்காது. அவர்களும்கூடக் கட்டுரைக்கு வைத்த பெயர் எதிர்பாலின உடை உடுத்தும் விருப்பத்தைக் குறிக்கும் மருத்துவச் சொல்தான். வேறு சொல் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. கிறிஸ்டீன் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்காத ஆளாக இருந்தார்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

டென்மார்க்கில் இருந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. அந்த நாட்டைப் பற்றி வண்ணத்தில் ஒரு பயணப் படம் எடுத்திருந்தார். அவர் வாழ நினைத்த வாழ்க்கை அதுதான்: ஊர் ஊராகப் போய்ப் படம் எடுப்பது, திரையில் போட்டுக் காட்டுவது. 1953 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் ஆர்ஃபியம் தியேட்டரில் படத்தைக் காட்டினார்கள். டென்மார்க்கின் அரண்மனைகளையும் வயல்களையும் பார்க்க யார் வந்தார்கள்? கூட்டம் பார்க்க வந்தது படம் எடுத்தவரை. படம் எடுபடவில்லை.

யோசித்துப் பாருங்கள். உலகத்திலேயே அதிகம் புகைப்படம் எடுக்கப்பட்ட முகங்களில் ஒன்று உங்களுடையது. யார் உங்களைப் புகைப்பட உதவியாளராக வேலைக்கு வைப்பார்கள்? அலுவலகத்தில் டைப் அடிக்கப் போனால் வாசலில் கூட்டம் நிற்கும். உறையில் பெயரையும் நாட்டையும் மட்டும் எழுதிப் போட்ட கடிதங்கள்கூட அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒளிந்துகொள்ளும் வழி அடைபட்டுவிட்டது. எப்படியும் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள், அப்படியானால் டிக்கெட் வாங்கிப் பார்க்கட்டும் என்ற முடிவுக்கு வந்தார். இது என் வார்த்தை, அவர் இன்னும் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார்.

1953 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஒரு கிளப்பில் அரங்கேறினார். பழைய மேடைக் கலைஞர் மைல்ஸ் பெல் கூட நின்று கைகொடுத்தார். பாட்டு சுமார், ஆட்டமும் சுமார், அதை அவரே மறைத்ததில்லை. ஆனால் மேடையில் நிற்கும் தைரியமும் சமயத்துக்கு ஒரு நகைச்சுவையும் இருந்தன. கேலி செய்ய வந்தவர்கள் அவருடைய பேச்சுக்குச் சிரித்துவிட்டுப் போனார்கள். உடை மாற்றி உடை மாற்றி வருவார், பின்னாளில் 'பெண்ணாக இருப்பது எனக்குப் பிடிக்கும்' என்ற பொருளில் வரும் பிரபலமான பிராட்வே பாட்டைத் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார். வேறு யார் பாடினாலும் அது ஒரு ஜாலியான பாட்டு. இவர் பாடும்போது அரங்கத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் இன்னொரு அர்த்தம் கேட்கும்.

லாஸ் வேகஸில் சஹாரா ஹோட்டல் கான்ட்ராக்ட் போட்டது. நியூயார்க் போஸ்ட் தொடர் வந்ததும், பெண் என்று நம்பி ஒப்பந்தம் செய்தோம் என்று பின்வாங்கப் பார்த்தது. இழுபறிக்குப் பின் அந்த ஆண்டு நவம்பரில் அங்கே நிகழ்ச்சி நடந்தது. அடுத்து நியூயார்க்கில் லத்தீன் குவார்ட்டர் கிளப், ஹவானா, இன்னும் எத்தனையோ ஊர். 1962இல் பிலிப்பைன்ஸ் போய் ஒரு தகாலோக் படத்தில்கூட நடித்துவிட்டு வந்தார். சம்பாதித்த பணத்தில் லாங் ஐலண்டில் மஸ்ஸபீகுவா என்ற ஊரில் வீடு. கட்டிக் கொடுத்தது தச்சர் அப்பா. பெற்றோரோடு அங்கேதான் இருந்தார். இடையில் 1954இல் மிச்சமிருந்த அறுவைச் சிகிச்சையும் நடந்தது. பழைய நண்பர் டாக்டர் ஏஞ்சலோ ஏற்பாடு, நியூயார்க் ஹார்மோன் மருத்துவர் ஹாரி பெஞ்சமின் ஆலோசனை. நியூயார்க் போஸ்ட் எழுப்பிய கேள்விக்கு அவர் பொதுவில் சொல்லாத பதில் அது.

காதல் விஷயத்தில் சட்டம் குறுக்கே நின்றது. 1959இல் ஹோவர்ட் நாக்ஸ் என்பவரைத் திருமணம் செய்துகொள்ள நியூயார்க் நகர அலுவலகத்தில் உரிமம் கேட்டார்கள். பாஸ்போர்ட் இருக்கிறதே, பெண் என்று? அது செல்லவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். ஒரே நாட்டின் ஒரு காகிதம் பெண் என்கிறது, இன்னொரு காகிதம் ஆண் என்கிறது. நிச்சயதார்த்தச் செய்தி வெளியே வந்ததும் நாக்ஸுக்கு வேலை போய்விட்டது. திருமணம் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை.

மேடைக்கு வெளியே அவரால் நடந்த காரியத்தை மருத்துவர்களின் கோப்புகளில்தான் பார்க்க வேண்டும். செய்தி வெளியான ஒரு வருடத்துக்குள் உதவி கேட்டு 465 பேர் ஹாம்பர்கருக்குக் கடிதம் எழுதினார்கள். அதுவரை இந்த வேதனை உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அந்தக் கடிதங்களை வைத்து அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். டென்மார்க் அரசு பயந்துபோய் வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தியது. அதனால் 1953 தொடக்கத்திலேயே கிறிஸ்டீனுக்கு எழுதித் தொடர்பு ஏற்படுத்திக்கொண்ட ஹாரி பெஞ்சமினிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிறிஸ்டீன் தனக்கு வந்த கடிதக்காரர்களையும் அவரிடம் அனுப்பினார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1966இல் பெஞ்சமினின் பெரிய மருத்துவ நூல் வந்தது. அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இதற்கென்றே ஒரு பிரிவு திறந்தது. 1952இல் அமெரிக்காவில் பெரும்பாலான டாக்டர்கள் தொடப் பயந்த சிகிச்சை இது.

1967இல் சுயசரிதை வெளியானது. நடிகை லோயிஸ் கிபீ எழுத உதவினார், பெஞ்சமின் முன்னுரை கொடுத்தார். அடுத்த ஆண்டு மலிவுப் பதிப்பு வந்து லட்சக்கணக்கில் விற்றது. புத்தகம் எப்படி என்றால், சுத்தமாக, ஜாக்கிரதையாக எழுதிய புத்தகம். கோபம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நகைச்சுவையைப் போட்டு மூடிவிடுகிறார். தான் ஓரினச்சேர்க்கையாளர் இல்லை, சுரப்பிக் கோளாறுதான் என்று ஆரம்பத்திலிருந்தே அழுத்திச் சொல்லிவந்தவர் அவர், அந்தத் தொனி புத்தகத்திலும் இருக்கிறது. இன்றைய வாசகருக்கு அது உறுத்தலாம், எனக்கும் உறுத்தியது. அந்தக் காலத்து அமெரிக்காவில் ஓரினச்சேர்க்கையாளர் என்ற சந்தேகம் வந்தாலே அரசு வேலை போய்விடும், போலீஸ் பிடிக்கும். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அவர் எதற்காக அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார் என்பது புரியும். 1970இல் இர்விங் ராப்பர் இயக்கத்தில் இந்தச் சுயசரிதை படமாகவும் வந்தது. படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஜாக்கிரதையானவர் என்றேனே தவிர, பணிந்து போகிறவர் இல்லை. 1968இல் டிக் காவெட் என்பவர் தன் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சியில் கிறிஸ்டீனுடைய 'மனைவி'யோடு உள்ள அந்தரங்கம் பற்றி ஏதோ கேட்டார். கிறிஸ்டீன் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு வேறு விருந்தினரே கிடையாது. மிச்ச நேரம் முழுக்க காவெட் தனியாக உட்கார்ந்து, அவமதிக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று பார்வையாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். 1970இல் துணை ஜனாதிபதி ஸ்பைரோ அக்னியூ தன் கட்சியைச் சேர்ந்த செனட்டர் சார்லஸ் குடெல் என்பவரைக் கேலி செய்ய, 'குடியரசுக் கட்சியின் கிறிஸ்டீன் ஜோர்கென்சன்' என்றார். தன் பெயரை வசவுச் சொல்லாகப் பயன்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிறிஸ்டீன் பகிரங்கமாகக் கேட்டார். அக்னியூ கேட்கவில்லை. மூன்று வருடத்தில் வரி ஏய்ப்பு வழக்கில் பதவி விலகினார் என்பது தனிக் கதை.

பெற்றோர் காலமான பின் கலிபோர்னியாவுக்குக் குடிபோனார். எழுபதுகளில் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார், நாடகக் குழுக்களில் நடித்தார். பாலியல் புரட்சியை நாங்கள் தொடங்கவில்லை, ஆனால் அதன் பின்புறத்தில் நல்ல உதை ஒன்று கொடுத்தோம் என்று கடைசிக் காலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாராம். 1989 மே 3ஆம் தேதி சான் கிளெமென்டேயில் புற்றுநோயால் இறந்தார். 63ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது.

எங்கிருந்து தொடங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். சுயசரிதையை 2000இல் மறுபதிப்பு செய்திருக்கிறார்கள், வரலாற்றாளர் சூசன் ஸ்ட்ரைக்கரின் முன்னுரையோடு. அதற்கும் முன்னால், 1950களின் கடைசியில் ஜூபிலி கம்பெனி வெளியிட்ட பேட்டி இசைத்தட்டு ஒன்று இருக்கிறது, தேடினால் கிடைக்கும். கேள்வி கேட்பவர் நிப்ஸி ரஸ்ஸல் என்ற நகைச்சுவைக் கலைஞர், தட்டில் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். சங்கடமான கேள்விகளாகத்தான் அடுக்குகிறார். அவசரமே இல்லாத அந்தக் கட்டைக் குரல் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறது. அதை முதலில் கேளுங்கள், புத்தகத்தைப் பிறகு படிக்கலாம்.